நீ கத்திய இரண்டு சொற்கள்

நேற்று மத்தியானம் உதைபந்தாட்டக் கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பதினான்காம் வரிசையில் இருக்கும் எங்கள் இரண்டு இருக்கைகளையும் அடுத்த பருவத்துக்கும் வைத்துக்கொள்ள விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். இரண்டும் என் பெயரில் பதிந்திருப்பதால் உனக்கு நடந்தது அவர்களுக்குத் தெரியாது. நான் 'இல்லை' என்பதை அழுத்தினேன். உடனே ஒரு சிறிய பெட்டி திறந்து, காரணத்தை எழுதுங்கள் என்றது. ஒரு வரி எழுதலாம், கூடினால் இரண்டு வரி. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கணினியை மூடிவிட்டேன். எழுதுவதென்றால் உனக்குத்தான் எழுத வேண்டும்.

எனக்கு உதைபந்தாட்டத்தில் ஒருநாளும் பெரிய விருப்பம் இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். நீ கூப்பிட்டாய், வந்தேன். மொழிப் பாடசாலையில் ஒரே மேசையில் இருந்து டேனிஷ் படித்த நாளிலிருந்து அப்படித்தான். பிறகு நான் பக்கத்து நகரமான ஹோர்சன்ஸில் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ எங்கள் சின்ன நகரத்திலேயே நின்று, மைதானத்து அலுவலக அறைகளைக் காலையில் துப்புரவு செய்யப் போனாய். ஆட்களில்லாத மைதானத்தைத் தினமும் பார்த்துப் பார்த்து, ஆட்கள் நிறைந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்ததாகச் சொன்னாய். ஒருமுறை பார்த்ததோடு அது உன்னைப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கு வர முடியாதபடி முழங்கால் வலி என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டு, அதே முழங்காலோடு பதினான்கு வரிசை ஏறி வருவாய். நான் மடியில் பின்னல் வேலையை வைத்துக்கொண்டு உனக்குப் பக்கத்தில் இருப்பேன். சனம் எழும்பினால் நானும் எழும்புவேன்.

நீ தமிழில்தான் கத்துவாய். ஏன் என்று முதலாம் வருடம் கேட்டேன்.

"டேனிஷில கத்தினா ஆரும் திரும்பிப் பார்ப்பினம். தமிழில கத்தினா எனக்கும் கடவுளுக்கும்தான் விளங்கும்."

"எனக்கு?"

"நீ எங்க கேக்கிறாய், நீ குனிஞ்சு பின்னிக்கொண்டெல்லே இருக்கிறாய்."

பன்னிரண்டு வருடம் அப்படிப் போனது. போன கோடையில் எங்கள் கோல் காப்பாளரைப் பெரிய கழகம் ஒன்று வாங்கிக்கொண்டு போக, அவனுடைய இடத்துக்கு அந்தப் பொடியன் வந்தான். இருபது வயது. ஏழு வயதிலிருந்து இந்தக் கழகத்திலேயே வளர்ந்தவன். நீ காலையில் துடைக்கும் நடையில் சப்பாத்துச் சேற்றோடு ஓடித்திரிந்த பிள்ளைகளில் ஒருவன். ஆகையால் உனக்கு அவன் 'எங்கட பொடியன்'. ஊருக்கும் அப்படித்தான். பாண் சுடும் கடையில் அவன் படத்தைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். நான் வேலை செய்யும் இல்லத்தில், பிள்ளைகளின் பெயரையே மறந்துவிட்ட ஒரு முதியவர் அவன் பெயரை மட்டும் சரியாகச் சொன்னார். போன வருடம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிப் போகாமல் தப்பிய அணி, இந்த வருடம் இவனால் மேலே போகும் என்று எல்லோரும் கதைத்தார்கள். அவன் இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை.

"இருபது வயசுப் பொடியனடி," என்றேன்.

"இருபது வயசில நாங்கள் என்னெல்லாம் செய்தனாங்கள்? அவன் ஒரு பந்தைப் பிடிக்க மாட்டானே? எனக்கு இந்த வருஷம் ஒரு நல்ல செய்தி வேணும்."

எதற்காக அப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதல் ஆட்டத்திலேயே அவன் ஒரு பெனால்டியைப் பிடித்தான். எங்கள் பக்கத்துக் கோல். இடது கையை நீட்டி விழுந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பினான். மைதானமே துள்ளியது. நீ இருக்கையில் ஏறி நின்று, தொண்டை கிழிய "என்ர ராசா! என்ர ராசா!" என்று கத்தினாய். அவன் எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்ததாகவும், உன்னைத்தான் பார்த்ததாகவும் ஒரு கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

அதற்குப் பிறகு எல்லாம் பிழைத்தது. மூன்றாவது ஆட்டத்தில் மெதுவாக உருண்டு வந்த பந்து அவன் கால்களுக்கு இடையால் போனது. ஐந்தாவதில், தன் ஆளுக்குக் கொடுக்க வேண்டிய பந்தை எதிரணிக்காரனின் காலடியில் கொடுத்தான். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் உள்ளூர்ப் பத்திரிகையில் அவன் முகம்தான் வரும், தலையைக் குனிந்தபடி. பாண் கடைக் கண்ணாடியில் இருந்த படத்தை ஒருநாள் காணவில்லை. பந்து அவனிடம் போகும்போதெல்லாம் அரங்கில் ஒரு முனகல் எழும். பந்தைத் தொடும் முன்பே அது அவன் காதில் விழுந்திருக்கும்.

அந்த முனகலை நீதான் பேச்சாக்கினாய். முதலில் பொறுமையாக, "பாத்துப் பிடியடா." பிறகு, "எங்கயடா பாக்கிறாய்?" செப்டெம்பர் கடைசியில், "வீட்ட போடா." உன்னுடைய குரலில் நான் முன்பு கேட்டிராத ஒன்று அதில் இருந்தது. உன் கை கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து, ஏனடி இப்பிடிக் கொதிக்கிறாய் என்றேன். "அவன் எங்களை ஏமாத்திப் போட்டான்," என்றாய்.

எங்களுக்கு நேர் முன்வரிசையில் ஒரு டேனிஷ் பெண் பருவத் தொடக்கத்திலிருந்து தனியாக வந்திருந்து பார்ப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எங்களை ஒத்த வயதிருக்கும். சாம்பல் நிற மழை அங்கி. கழுத்தில் கழகத்தின் சால்வை இல்லை. குடுவையிலிருந்து கோப்பியை ஊற்றி, குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருப்பா. கோல் விழுந்தாலும் திரும்ப மாட்டா. "இவ ஆருக்காக வாறா எண்டே தெரியேல்ல," என்று ஒருநாள் நீ சிரித்தாய்.

அக்டோபரில் அந்த ஞாயிற்றுக்கிழமை மழை காலையிலிருந்தே பெய்தது. முதல் பாதியில் அவன் எங்கள் பக்கத்துக் கோலில் நின்றான். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே, பிடித்த பந்து ஈரக் கையுறையிலிருந்து நழுவி அவன் முன்னாலேயே விழ, ஒருவன் ஓடிவந்து உள்ளே தட்டிவிட்டான். சனம் விசில் அடித்தது. அந்த விசில் அடங்கிய இடைவெளியில் நீ எழுந்து நின்று கத்தினாய்.

"வீட்ட போ! வீட்ட போ! வீட்ட போ!"

கீழ்வரிசைகளில் மேளத்தோடு நிற்கும் இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே, உன் சொல்லை அப்படியே தன் வாயில் போட்டு, "வீதபோ!" என்றான். மற்றவன் மேளத்தில் மூன்று அடி அடித்தான். வீ, த, போ. அது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் எங்கள் பக்க அரங்கில் பாதி அதைப் பாடியது. என்ன சொல்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. எவனைப் பார்த்துச் சொல்கிறோம் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

நீ முதலில் சிரித்தாய். அதையும் எழுதத்தான் வேண்டும். என் தோளில் தட்டி, "பாத்தியே, முழுப்பேருக்கும் தமிழ் படிப்பிச்சுப் போட்டன்," என்றாய். நானும் சிரித்தேன்.

இடைவேளைக்கு விசில் ஊதியதும் முன்வரிசைப் பெண் எழுந்து எங்கள் பக்கம் திரும்பினா. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்த முகத்தை நேரே பார்த்தோம். கோப்பிக் கோப்பை கையிலேயே இருந்தது. டேனிஷில், மிகவும் மரியாதையாகக் கேட்டா.

"மன்னியுங்கள். நீங்கள் கத்திய அந்தச் சொல், இப்போது எல்லோரும் பாடுகிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?"

நான்தான் முந்திக்கொண்டேன். "அது ஒன்றுமில்லை. நீங்கள் 'கொம் ஸோ' என்பீர்கள் அல்லவா, அதுபோல. உற்சாகப்படுத்துவது." அவ்வளவு இலகுவாக, அவ்வளவு நல்ல டேனிஷில் நான் அதற்கு முன் பொய் சொன்னதில்லை.

அந்தப் பெண் என்னைப் பார்த்து, பிறகு உன்னைப் பார்த்தா. "அவன் என் மகன்," என்றா. "வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்பான். என்ன சொல்வதென்று தெரிந்துகொண்டால் நல்லது."

நான் உன் கையைப் பிடித்து அழுத்தினேன். சொல்லாதே என்றுதான் அதற்கு அர்த்தம். நீ கையை இழுத்துக்கொண்டாய்.

"இவ சொன்னது சரியில்லை," என்றாய் டேனிஷில். "அதற்கு அர்த்தம், கோ யெம். வீட்டுக்குப் போ."

அந்தப் பெண் தலையை ஆட்டினா. "நன்றி," என்றுவிட்டுத் திரும்பித் தன் இடத்தில் இருந்தா. கோபித்திருந்தால் எங்களுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. நீ எனக்கு மட்டும் கேட்கும்படி, "எடி, அந்த ரீச்சரை ஞாபகம் இருக்கே?" என்றாய்.

இருந்தது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதலாவது மாரி. மொழிப் பாடசாலைக்கு முன்னால் பஸ்ஸுக்காக நிற்கிறோம். ஒரு கார் வேகத்தைக் குறைத்தது, கண்ணாடி இறங்கியது, ஒருவன் எங்களைப் பார்த்து ஏதோ கத்திவிட்டுப் போனான். எங்களுக்கு விளங்கவில்லை. நீ அந்தச் சத்தத்தை அப்படியே நினைவில் வைத்திருந்து, மறுநாள் வகுப்பில் ஆசிரியையிடம் "கோ யெம் என்றால் என்ன?" என்று கேட்டாய். அவ முகம் சிவந்து, கொஞ்சம் தடுமாறி, கடைசியில் உண்மையைச் சொன்னா. நீ வகுப்பில் சிரித்துவிட்டாய். நாங்கள் வீட்டுக்குப் போகத்தானே பஸ்ஸுக்கு நின்றோம் என்று சொல்லிச் சிரித்தாய். வெளியே வந்து கழிவறையில் அழுதாய். நான் கதவுக்கு வெளியே இரண்டு பேருடைய பைகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓம்," என்றேன். "இருக்கு."

"அவவும் எங்களை மாதிரித்தான் வந்து கேக்கிறா, பாத்தியே. என்னெண்டு கேக்கிறா."

இரண்டாம் பாதி தொடங்கியது. அவன் இப்போது தூரத்துக் கோலில் நின்றான். அப்படியும் மேளக்காரர்கள் விடவில்லை. வீதபோ, வீதபோ. நீ எழுந்து படிகளால் இறங்கினாய். முழங்கால் உண்மையிலேயே வலித்திருக்க வேண்டும், கம்பியைப் பிடித்துப் பிடித்துத்தான் போனாய். நான் பின்னல் பையை விட்டுவிட்டு உன் பின்னால் வந்தேன். நீ மேளம் அடிப்பவனின் கையைப் பிடித்தாய். உன்னைவிட ஓர் அடி உயரமானவன்.

"நிறுத்து. அது கெட்ட சொல். கோ யெம் என்று அர்த்தம். எனக்கு இந்த ஊரில் அதைச் சொல்லியிருக்கிறார்கள்."

அவன் குழம்பிப்போய் உன்னைப் பார்த்தான். "நீங்கள்தானே தொடங்கினீர்கள்?"

"ஓம். நான்தான் தொடங்கினேன். நான்தான் நிறுத்தவும் சொல்கிறேன்."

"ஆனால் அவன் மோசமாகத்தானே விளையாடுகிறான்," என்றான் அந்த இளைஞன். கெட்டவன் இல்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டான். நீ அவன் கையை விடாமல் நின்றாய். கடைசியில் அவன் மேளக்கோலைக் கீழே வைத்தான். மேளம் நின்றது. சொல் நிற்கவில்லை. அது பக்கத்துப் பகுதிக்குப் போய், அங்கிருந்து எதிர் அரங்குக்கும் போய்விட்டிருந்தது. இறுதி விசில் வரைக்கும் எங்கள் மொழியை அந்த மழைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தோம். மூன்று கோல்களால் தோற்றோம். நீ இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாய்.

சனம் கலைந்த பிறகு, வீட்டுக்குப் போவோம் என்றேன். நீ மாட்டேன் என்றாய். ஆட்டக்காரர் வெளியே வரும் கதவு உனக்குத் தெரியும், அதன் கைப்பிடியைப் பன்னிரண்டு வருடம் துடைத்தவள் நீ. கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் நனைந்துகொண்டு நின்றோம். அந்தத் தாய் சற்றுத் தள்ளித் தன் காருக்குள் இருந்தா. எங்களைக் கண்டா, இறங்கி வரவில்லை.

"என்ன சொல்லப் போறாய்?" என்று கேட்டேன்.

"தெரியேல்ல. நீ ஒண்டும் கதைக்காத. நீ பொய் சொல்லிப் போடுவாய்."

அவன் தனியாக வந்தான். கிட்டப் பார்த்தால் இன்னும் சின்னப் பிள்ளை முகம். தாடையில் பரு. பெரிய கைகள். நீ வழியை மறித்து நின்றாய். அவன் பயந்ததை நான் கண்டேன். எங்களைப் போன்ற இரண்டு பெண்களைக் கண்டு அவன் பயந்தான்.

"இன்றைக்குப் பாடிய அந்தச் சொல் என்னுடையது," என்றாய். "நான்தான் முதலில் கத்தினேன். வீட்டுக்குப் போ என்று அர்த்தம். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்."

அவன் பையைத் தோள் மாற்றினான். "உங்கள் குரல் எனக்குத் தெரியும்," என்றான். "அந்தப் பக்கம் நிற்கும்போது எல்லாம் கேட்கும். முதல் ஆட்டத்தில் வேறு ஏதோ கத்தினீர்கள். அது என்ன?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு சொன்னாய். "என்ர ராசா. என் அரசன் என்று அர்த்தம். எங்கள் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவோம்."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அர்த்தம் தெரியாவிட்டாலும் பெரிதாக ஏதோ சொல்கிறீர்கள் என்று தெரிந்தது," என்றான். "எல்லோருமே அன்றைக்குப் பெரிதாகத்தான் சொன்னார்கள். அன்றைக்கு இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான். இன்றைக்கு இல்லை."

அவன் உன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் தாயின் காருக்குப் போனான்.

அடுத்த ஆட்டத்துக்கு நீ பதினான்காம் வரிசைக்கு ஏறவில்லை. பதின்மூன்றாம் வரிசையில் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் ஓர் இருக்கை வெறுமையாகக் கிடந்தது. அங்கே போய், "இருக்கலாமா?" என்று கேட்டாய். அவ பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. நான் உங்கள் இருவருக்கும் பின்னால், பழைய இடத்தில் இருந்தேன். நீ ஒரு சத்தமும் போடவில்லை. பன்னிரண்டு வருடத்தில் நான் கண்டிராத காட்சி. எங்கோ ஒரு மூலையில் இருந்து மீண்டும் அந்த வீதபோ எழும்பியபோது உன் முதுகு விறைத்ததைக் கண்டேன். தாய் திரும்பாமலே கோப்பிக் கோப்பையை உன் பக்கம் நீட்டினா. நீ வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய்.

நவம்பரில் அவனை வெளியே இருத்திவிட்டு வேறொருவனை நிறுத்தினார்கள். குளிர்கால இடைவேளையில் வடக்கே, ஓல்போர்க் நகரத்தையும் தாண்டிய ஒரு சின்னக் கழகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த டிசம்பரில்தான் நீ எனக்குச் சொன்னாய். கோடையிலேயே பரிசோதனைகள் தொடங்கி, கணையத்தில் வந்த நோயை ஆஸ்பத்திரியில் செப்டெம்பரில் கண்டுபிடித்திருந்தார்கள். நான் உன்னோடு கோபித்தேன். மூன்று மாதம் பக்கத்தில் இருந்து பின்னிக்கொண்டிருந்தவளுக்குச் சொல்லாமல் விட்டாயே என்று. "சொன்னா நீ மெல்லமாக் கதைக்கத் தொடங்கியிருப்பாய்," என்றாய்.

ஹோர்சன்ஸ் ஆஸ்பத்திரிக்கு வேலை முடிந்து நான் வரும்போதெல்லாம் நீ கேட்பது ஒன்றுதான்.

"பொடியன் என்ன மாதிரி?"

"ரெண்டு கோல் விட்டிட்டான்."

"தோல்வியே?"

"ஓம்."

"தனிய இருக்கிறானாம். சமைச்சுச் சாப்பிடுறானோ தெரியாது."

அந்தத் தாய் இருமுறை உன்னைப் பார்க்க வந்தா. இரண்டாம் முறை நானும் இருந்தேன். உதைபந்தாட்டம் பற்றி நீங்கள் இருவரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவ உன் காலுக்குக் கிறீம் பூசிவிட்டா. நீ கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாய். மார்ச்சில் சபையில் உன்னை வழியனுப்பியபோது அவ கடைசி வரிசை வாங்கில் இருந்தா. பொடியன் வரவில்லை. அன்றைக்கு அவனுக்கு ஆட்டம். வந்திருந்தால் நீ ஏசியிருப்பாய்.

நீ போன பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அணி இறங்கிவிட்டது. அவன் இல்லாமல்தான் இறங்கியது. இப்போது ஊரில், அந்தப் பொடியனை விட்டிருக்கக் கூடாது, அவன் நின்றிருந்தால் தப்பியிருப்போம் என்கிறார்கள். இல்லத்து முதியவர்கூட மீண்டும் அவன் பெயரைச் சொல்கிறார். திரும்பி வந்தால் பாண் கடைக்காரர் படத்தை ஒட்டுவார். நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை நான் ரயிலில் வடக்கே போனேன். பின்னலைக் கொண்டு போகவில்லை. சின்ன மைதானம், ஒரு பக்கத்தில் மட்டும் மரப் பலகைகள். சில நூறு பேர் இருந்திருப்பார்கள். கடற்காற்று. அவன் கொஞ்சம் மெலிந்திருந்தான். சமைத்துச் சாப்பிடுவதில்லை என்று நினைக்கிறேன். முதல் பாதியில் தூரத்திலிருந்து வந்த ஒரு பந்து காற்றில் திரும்பி அவனைக் கடந்து உள்ளே போனது. எனக்குப் பின்னால் ஒரு மனிதர், பெரிய கோபம்கூட இல்லாமல், பழக்கத்தில் சொல்வதைப்போல, "கோ யெம்" என்று கத்தினார்.

நான் திரும்பினேன். இந்த நாட்டில் இத்தனை வருடத்தில், பொது இடத்தில், தெரியாத ஒருவரைத் திரும்பி நேரே பார்த்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"அவனைப் பார்க்கத்தான் நான் வந்திருக்கிறேன்," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் அவனுக்கு யார்?"

சொந்தம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்படிச் சொன்னால் பேச்சு முடிந்துவிடும். உன் கை என் கையிலிருந்து இழுபட்டது நினைவுக்கு வந்தது.

"ஒருவருமில்லை," என்றேன். "அவனைப் பார்த்துக் கத்தியவர்களுக்குப் பக்கத்தில் இருந்து சிரித்தவள்."

அவருக்கு அது விளங்கியதோ தெரியாது. பிறகு அவர் கத்தவில்லை.

இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. கடைசி நிமிடங்களில் பந்து அவன் பக்கமே வந்துகொண்டிருந்தது. ஒருமுறை உயர எழும்பிப் பிடித்தான், ஒருமுறை குத்திவிட்டான், ஒருமுறை பந்து கம்பத்தில் பட்டு அவன் கைக்கே வந்தது. நான் பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். முடிந்த பிறகு பார்த்தால் விரல்கள் நிமிரவில்லை. பன்னிரண்டு வருடம் உனக்குப் பக்கத்தில் இருந்தும் எனக்கு ஒருநாளும் வராத படபடப்பு, பந்து அவனை நோக்கிக் கிளம்பும்போதெல்லாம் எனக்கு வந்தது. ரயிலில் திரும்பி வரும்போதும் அது விடவில்லை. அடுத்த ஆட்டம் எப்போது என்று தேடிப் பார்த்து வைத்திருக்கிறேன்.